சக்களத்தி மணல்

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். எங்கள் புஞ்சையில், வேப்ப மரத்துக்குக் கிழக்கே, வட்டமாகப் படுத்துக் கிடக்கிறாள். சலித்த மணலில் பழைய இன்ஜின் ஆயிலைப் பிசைந்து என் வீட்டுக்காரர் தன் கையாலேயே செய்த உடம்பு அது. இதைச் சொன்னால் காரியாபட்டியில் இருக்கும் என் மகள் போனிலேயே சிரிக்கிறாள். “எம்மா, போயும் போயும் மணலோடயா சண்ட போடுவ?” என்கிறாள். அவளுக்கென்ன, அவள் வீட்டுக்காரர் காலையில் மதுரைக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார்.

என்னுடையவர் அப்படியில்லை. ராணுவத்தில் இருந்தவர். கல்யாணமான அடுத்த மாதம் ரயிலேறியவர், பென்ஷன் வாங்கிய பிறகுதான் முழுசாக வீடு வந்து சேர்ந்தார். நடுவில் வருஷத்துக்கு ஒரு லீவு. அந்த லீவிலும் விருந்தாளி மாதிரிதான் இருப்பார். கிளம்புகிற அன்று காலையில் படுத்த விரிப்பைத் துவைத்துக் கொடியில் போடுவார். தலையணையைத் தட்டி அடுக்குவார். சவரம் பண்ணிய பிளேடைக்கூடக் காகிதத்தில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொள்வார். எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், அங்கே ஓர் ஆள் இருந்துவிட்டுப் போன சுவடே இருக்காது. அவசரத்தில் ஒரு பனியனையாவது மறந்து வைத்திருப்பாரா என்று மூலை முடுக்கெல்லாம் தேடுவேன். ஒன்றும் கிடைக்காது. “ஒனக்கென்னத்தா, ஒன் வீட்டுக்காரர் என்னா சுத்தம்” என்று ஊர்க்காரிகள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷங்களில் பருத்தியும் கொத்தமல்லியும் குதிரைவாலியும் போட்டு, மழை வந்தால் சிரித்து, வராவிட்டால் வானத்தைத் திட்டி, காட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். ரிட்டயர் ஆகி வரட்டும் என்று காத்திருந்தேன். களை எடுக்கும்போது வரப்பில் நின்று ஏதாவது தப்பாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அருப்புக்கோட்டைக்குப் போனால் என் பையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். தினமும் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். பெரிய ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை.

வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே ஜேசிபி ஒன்றும் பின்னாலேயே வந்தது. எங்கள் புஞ்சையிலேயே கண்மாய்க்கரையை ஒட்டிக் கொஞ்சம் தரிசு உண்டு. வேலிக்கருவை மண்டிக் கிடந்த இடம். அதை வேரோடு பிடுங்கிப் போட்டார். கிணறு வெட்டப் போகிறார் என்றார்கள் சிலர். பிளாட் போடப் போகிறார் என்றார்கள் சிலர். நான் மாட்டுக் கொட்டகை என்று நினைத்தேன். பிறகு ஒரு லோடு மணல் இறங்கியது. அதை உட்கார்ந்து சலித்தார். நான் கேட்டிருந்தால் ஒரு படி அரிசி சலித்துக் கொடுத்திருப்பாரா தெரியாது. பந்தல்குடிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் வடித்து வைத்திருக்கும் பழைய ஆயிலைக் கேன் கேனாக வாங்கி வந்து, மணலில் ஊற்றி, காலால் மிதித்துப் பிசைந்து, வட்டமாகப் பரப்பினார். நடுவில் ஒரு குழி. குழிக்குள் வெட்டிய பிவிசி பைப். அதில் ஒரு கம்பு. கம்பில் சிவப்புத் துணி.

அது கோல்ஃப் விளையாடுகிற இடமாம். எங்கோ தூரத்தில் நின்று சின்னப் பந்தை மட்டையால் அடித்து, கடைசியில் இந்த வட்டத்துக்கு வந்து, மெதுவாகத் தட்டிக் குழிக்குள் விழ வைக்க வேண்டும். டிவியில் காட்டும்போது அந்த வட்டம் பச்சைப் பசேல் என்று புல்லாக இருக்கிறது. அதனால் அதற்கு கிரீன் என்று பெயர். இவர் கடைசியாக இருந்த ராஜஸ்தான் பக்கத்தில் புல் ஏது? அங்கே எண்ணெய் போட்ட மணலையே கிரீன் என்று சொல்லி ஆபீசர்கள் ஆடுவார்களாம். அந்த மைதானத்தைப் பராமரிக்கிற பொறுப்பு கடைசி வருஷங்களில் இவரிடம் இருந்திருக்கிறது. ஆடவும் கற்றுக்கொண்டிருக்கிறார். “நம்ம ஊரு மழைக்கி இதுதான் சரி. தண்ணியே வேணாம்” என்று பெருமையாகச் சொன்னார். தண்ணீர் வேண்டாம், சரி. அதற்குப் பதிலாக என் வீட்டுக்காரர் வேண்டுமாம் அவளுக்கு.

விடிந்ததும் விடியாததுமாக எழுந்து போவார். அந்த வட்டத்தைச் சுற்றி நடப்பார். குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மணலை உற்றுப் பார்ப்பார். மேடு பள்ளம் பார்க்கிறாராம். பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, பட்டாளத்துக்காரர் வடக்கேயிருந்து ஏதோ சாமியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். சிவப்புக் கொடி, சுத்தமான வட்டம், செருப்புப் போட்டு மிதிக்கக் கூடாது, தினமும் ஒருவர் வந்து சுற்றுகிறார், வேறென்ன நினைப்பார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை வட்டத்தின் ஓரத்தில் மூன்று எலுமிச்சம்பழமும் கொஞ்சம் குங்குமமும் இருந்தன. “சாமியெல்லாம் இல்ல தாயி, இது வெளையாட்டு” என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் நம்பவில்லை. கடைசியில் இவரும் விட்டுவிட்டார். சாமி என்று இருந்தால் ஆட்டுக்காரர்கள் கிட்டே ஓட்டி வர மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எலுமிச்சம்பழங்களை நான் ஊறுகாய் போட்டேன்.

அவளுக்கு இவர் வைத்திருக்கும் மரியாதையைச் சொல்ல வேண்டும். செருப்புக் காலோடு ஏறக் கூடாது, வெறுங்காலோ அடி மட்டமான ஷூவோ என்றால் சரி. இன்னொருவர் பந்து உருண்டு போகிற பாதையில் கால் வைக்கக் கூடாது. நிழல்கூட அதன் மேல் விழக் கூடாது. மேலேயிருந்து பந்து விழுந்து பள்ளமாகிவிட்டால் விழ வைத்தவரே விரலால் தூர்த்து மட்டம் பண்ண வேண்டும். ஆடி முடித்ததும் நடந்த காலடியை எல்லாம் அழிக்க வேண்டும். அதற்கென்று நீளமான கம்பியின் முனையில் குறுக்காக ஒரு பைப்பை வெல்டிங் வைத்து, சாக்குச் சுற்றி வைத்திருக்கிறார். இழுவைக் கட்டை என்போம். குழியடியில் ஆரம்பித்து, வட்டம் வட்டமாக இழுத்துக்கொண்டே வெளியே வருவார். கடைசிக் காலடியும் தெரியக் கூடாது என்று, ஓரத்துக்கு வந்ததும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு சின்னக் குதி குதித்து வெளியே இறங்குவார். அந்த வயதில் அந்தக் குதி. இந்தக் கூத்து முழுவதிலும் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் வேப்ப மரத்தடியில் போய் நின்றிருக்கிறேன்.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு வால் உண்டு. “மேம்சாப் சொல்லுவாக.” மேம்சாப் என்றால் அங்கே இருந்த பெரிய ஆபீசரின் மனைவி. இவருக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அந்தம்மாதானாம். “நீ வந்துட்டுப் போனது அடுத்து வர்றவனுக்குத் தெரியக் கூடாதுன்னு மேம்சாப் சொல்லுவாக” என்று ஒரு நாள் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டைத் துடைத்துவிட்டுப் போகிற புத்தியை இவருக்கு யார் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராஜஸ்தானுக்கு முன்னாலும் அப்படித்தான் துடைத்தார் என்பதை என் வயிற்றெரிச்சல் கணக்கில் எடுக்கவில்லை.

“அந்தம்மா எப்படி இருப்பாக?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருப்பாக.”

“நல்லான்னா?”

“நல்லா வெளையாடுவாக.”

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. நானாகவே ஒரு மேம்சாபைச் செய்துகொண்டேன். சிவந்த நிறம், பின்னாத கூந்தல், கறுப்புக் கண்ணாடி. அந்த உருவத்தைத்தான் அம்மியில் வைத்துத் தினமும் அரைத்துக்கொண்டிருந்தேன்.

இவரோடு ஆட ஓர் ஆளும் கிடைத்தார். அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சும்மா நடக்கப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து இறங்குவார். முதல் நாள் பந்து எப்படியோ குழியில் விழுந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மணலெல்லாம் ஷூ அச்சைப் பதித்துவிட்டுக் காருக்குப் போகப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒங்க காலடி” என்றார் இவர்.

“இருக்கட்டும் மிலிட்டரி, ஒரு ஆள விட்டு இழுத்துருவோம்.”

“ஆள் இழுத்தா அது கூலி வேல அண்ணாச்சி. மிதிச்சவுக அழிச்சாத்தான் மரியாத. இங்க ஒருத்தர் காலடிய இன்னொருத்தர் தொடக் கூடாது. ராஜாவே வந்து மிதிச்சாலும் ராஜாதான் அழிக்கணும். அழிக்காம யாரும் எடத்தக் காலி பண்ணவும் கூடாது.”

அண்ணாச்சி வேர்த்து வழிய இழுத்தார். மூன்று இடத்தில் கோணல். இவர் பக்கத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், மறுபடி இழுக்க வைத்தார். நான் காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது பேருக்கு முன்னால் என் அண்ணன் என்னை ஒரு சொல் சொன்னபோது வாயைத் திறக்காத மனுஷர், மணலுக்காக ஒரு முதலாளியை நிறுத்தி வைத்துக் கேட்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். நின்றுகொண்டே இந்தியில் பேசினார். யார் என்று நான் கேட்கவே இல்லை. அப்படி நிற்க வைக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

பேசி முடித்து உட்கார்ந்தவர் அவராகவே சொன்னார். “மேம்சாப். அவுக மகன் அங்கிட்டுப் பெரிய ஓட்டல் கட்டுறாராம். கோல்ஃப் மைதானமும் போடுறாகளாம், எல்லாம் மணல் கிரீனு. நாந்தான் வந்து பாத்துக்கிடணுமாம். ஒரு ரெண்டு மூணு வருசம்.”

“நீங்க என்ன சொன்னீக?”

“மதுரைக்கி ஒரு கல்யாணத்துக்கு வாராகளாம். அப்படியே இங்கயும் வந்து பாத்துட்டுப் போகட்டும்னேன்.”

வருகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லாதது எனக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரிதான் கேட்டது. அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. இந்த மணல் எனக்குச் சக்களத்தி மட்டும் இல்லை, இவரை மறுபடியும் ரயிலேற்றிவிட வந்த தூதும் இதுதான். இன்னொன்று, இந்தத் தடவை போனால் நான் கொடியில் பனியன் தேடப் போவதில்லை. தேடுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது.

அந்த வாரம் முழுக்க இவர் மணலோடுதான் குடும்பம் நடத்தினார். மறுபடி சலித்தார். மறுபடி எண்ணெய் போட்டார். கொடிக்குப் புதுத் துணி. என்ன சமைக்கட்டும், நாட்டுக்கோழி அடிக்கட்டுமா என்று கேட்டேன். “அவுக கறி திங்க மாட்டாக. காரமும் ஆகாது. பணியாரம்னா சாப்பிடுவாக. ஒரு தடவ நான் சுட்டுக் குடுத்துருக்கேன்” என்றார். சுட்டுக் கொடுத்தாராம். எனக்கு என்ன பிடிக்கும் என்று இந்த மனுஷரைக் கேட்டால் உத்தரத்தைப் பார்ப்பார். பணியாரமாவில் உப்பை அள்ளிப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. பேர் கெட்டுப் போகும் என்று விட்டேன்.

ஆனி முகூர்த்தத்துக்கு மறுநாள் மேம்சாப் வந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். காரிலிருந்து முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. அப்புறம் வெளுத்த, கிராப்பு வெட்டிய தலை. ஒல்லியான உடம்பு. முழங்காலில் பட்டை. நான் செய்து வைத்திருந்த கூந்தலும் கறுப்புக் கண்ணாடியும் எங்கே போயின? ஒரு ஆறுதல் வர வேண்டும் இல்லையா, வரவில்லை. ஏனென்றால் அதற்குள் இவர் பேச ஆரம்பித்திருந்தார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. லேசாக, வேகமாக, நடுநடுவே சிரிப்போடு ஒரு குரல். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு குரல் இவருக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. அழகான பெண்பிள்ளை வந்து இறங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்தம்மா எனக்குக் கைகூப்பி “வணக்கம்” என்றார். வருகிற வழியில் டிரைவரிடம் கற்றிருப்பார். ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் பட்டுக்கு மேலே கம்பளி. எடுக்கவும் முடியாமல் நான் வேகிக்கொண்டிருக்க, அவர் பணியாரத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் இடம் கொடுக்காத மனுஷியாக இருந்தார். அதுவும் சேர்ந்து எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு காட்டுக்குப் போனோம். மணலைப் பார்த்ததும் அந்தம்மா நின்றுவிட்டார். குனிந்து ஒரு பிடி அள்ளி, விரல்களுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து பார்த்தார். இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்கு மனசில்லை. அந்தம்மா மட்டையை வாங்கினார், ஒரு தட்டு தட்டினார், பந்து நேரே போய்க் குழிக்குள் விழுந்தது. இவர் கை தட்டினார். அந்தம்மா தடியை ஊன்றிக்கொண்டு வேப்ப மரத்து நிழலுக்கு நடந்து போனார். மணலில் கேன்வாஸ் ஷூ அச்சும் பக்கத்தில் தடியின் புள்ளியுமாக ஒரு வரிசை.

இவர் இழுவைக் கட்டையை எடுத்தார். அந்தக் காலடிகளுக்குப் பின்னால் போய் அழிக்க ஆரம்பித்தார்.

இப்படித்தானே அங்கேயும் நடந்திருக்கும்? நான் இங்கே ஒற்றையாய் மல்லிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் அங்கே ஒருத்தியின் காலடிக்குப் பின்னால் கட்டை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏங்க, அது யாரு காலடி?” என்றேன்.

“என்ன?”

“ஒங்க காலடியா, அந்தம்மா காலடியா?”

“சும்மா இரு. வந்தவுக முன்னாடி.”

“ராஜாவே மிதிச்சாலும் ராஜாதான் அழிக்கணும்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னீகளே. ராணிக்கி வேற சட்டமா?”

மரத்தடியிலிருந்து அந்தம்மா என்ன என்று கேட்டார். இவர் இந்தியில் ஏதோ சொன்னார். சொன்னதன் நீளத்திலேயே அது நான் சொன்னது இல்லை என்று தெரிந்தது. எனக்கு இந்தி வராது. அதனால் என்ன, கை இருக்கிறது. இவர் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கி, நேரே போய் அந்தம்மாவிடம் நீட்டினேன்.

அவர் கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மணலில் இருந்த தன் காலடிகளைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், தன் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டையை வாங்கிக்கொண்டார். பட்டும் கம்பளியுமாக நான் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

அவருக்கு இழுக்கத் தெரியாது, திணறுவார், அதை இவர் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர் குழியடியில் போய் நின்று, சாக்கை மணலில் படிய வைத்து, வட்டம் எடுத்தார். வலிக்கிற காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனால் மணல் அவருக்குப் பின்னால் துணி விரித்த மாதிரி படிந்துகொண்டே வந்தது. இடது தோளைக் கொஞ்சம் சாய்ப்பது, வளைவில் மணிக்கட்டை மடக்குவது, எல்லாம் எனக்குத் தெரிந்த அசைவுகள். தினமும் காலையில் நான் பார்க்கிற அசைவுகள். ஓரத்துக்கு வந்தார். கட்டையைத் தூக்கினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு சின்னக் குதி குதித்து வெளியே இறங்கினார்.

அந்தக் குதி.

அது என் வீட்டுக்காரருடையது என்று நினைத்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் மரத்தடியில் போய் நின்றேன். அதுவும் இந்தம்மாவிடமிருந்து வந்ததா? இவர் உடம்பில் எனக்கென்று பிடித்து வைத்திருந்த ஒரே ஒரு அசைவு, அதுவும் இரவல். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

அந்தம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். “கால் வலி வந்த பெறகு நாந்தான் அவுகள இழுக்க விடலையாம். அதுக்கு முன்னாடியெல்லாம் அவுக காலடிய அவுகதான் அழிப்பாகளாம். நீ கேட்டது நாயந்தானாம்.” சண்டைக்குப் போன இடத்தில் நியாயத்தைக் கொடுத்து அனுப்பினால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? தடியைக் கொடுத்துவிட்டு வரப்போரமாக ஒதுங்கி நின்றேன்.

கார் புழுதி அடங்கிய பிறகு, “என்ன சொன்னீக?” என்று கேட்டேன்.

“நாளைக்கிச் சொல்றேன்னுருக்கேன்.”

மணல் வழவழவென்று கிடந்தது. ஒருவர் வந்தார், சிரித்தார், ஆடினார், போனார். ஒரு சுவடு இல்லை. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய என் வீடு மாதிரியே இருந்தது அது. நான் செருப்பைக் கழற்றினேன். மெட்டிக் காலோடு மணலில் ஏறினேன். குதிகாலை அழுத்தி அழுத்திக் குழி வரைக்கும் நடந்தேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வேறு வழியாக நடந்து வந்தேன்.

“ஏய், ஏய்! என்ன பண்ற?”

“நடக்குறேன். நான் பாடுபட்ட காடுதான?”

இவர் கட்டையை நீட்டினார். “இந்தா, அழிச்சுரு.”

“மாட்டேன்.”

“வெளையாடாத.”

“நானா வெளையாடுறேன்?”

அவரே அழிக்கலாம் என்று ஓர் அடி வைத்தார். “தொடாதீக” என்றேன். “ஒருத்தர் காலடிய இன்னொருத்தர் தொடக் கூடாதுல்ல? அழிக்காம எடத்தக் காலி பண்ணக் கூடாதுல்ல? ஒங்க சட்டந்தான? லீவு முடிஞ்சு போறப்பல்லாம் வீட்டத் தொடச்சு வச்சுட்டுப் போனீக. ஒரு பனியனக்கூட விட்டுட்டுப் போகல. நான் எதப் பாத்து நீங்க வந்துட்டுப் போனத நம்புறது? என்னால அப்படித் தொடைக்க முடியாது. என் காலடி கெடக்கட்டும். ஒங்களுக்குப் போக முடிஞ்சா இதத் தாண்டிப் போங்க.” கொஞ்ச தூரம் வந்த பிறகு இன்னொன்றும் ஞாபகம் வந்து திரும்பிச் சொன்னேன். “அந்தக் குதிய விட்டுருங்க. பாக்கச் சகிக்கல.”

மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று போன் பேசினார். நான் அடுப்படியில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். “நஹி, மேம்சாப்” என்பது மட்டும் புரிந்தது. அப்புறம் ரொம்ப நேரம் இந்தி. உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தார்.

“வரலன்னு சொல்லிட்டேன்.”

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். “எனக்காகவா?”

“கிரீனு அந்த நெலமையில கெடக்கு. விட்டுட்டு எப்படிப் போறது?”

அவ்வளவுதான் சொன்னார். காட்டுக்குப் போய்விட்டார். ஆக, என் வீட்டுக்காரரை நிறுத்தி வைத்ததும் நான் இல்லை, அவள்தான். ஜெயித்த சந்தோஷத்தைக்கூட என்னை முழுசாக அனுபவிக்க விடவில்லை. மகளுக்குப் போன் போட்டு அழுதேன். “எம்மா, அப்பா எங்கயும் போகலைல்ல? அது போதாதா?” என்றாள். போதாது என்றேன்.

காலடிகள் அப்படியே கிடந்தன. இவர் தினமும் அவற்றைச் சுற்றிச் சுற்றி, மற்ற இடத்தை மட்டும் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் பந்து உருண்டு போய் என் குதிகால் பள்ளத்தில் விழுந்து நின்றுவிட்டது. “என்ன மிலிட்டரி, இதெல்லாம் கேக்குறதில்லையா?” என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். “மிதிச்சவுகதான் அழிக்கணும் அண்ணாச்சி. நீங்க சுத்தி அடிங்க” என்றார் இவர். மூஞ்சியில் ஒரு சிரிப்பு இல்லை.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளேயே கொட்டும். முதல் நாள் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் மூடியிருக்கும். மணல் மட்டமாகியிருக்கும். இனி இவரை நிறுத்த அங்கே என்ன இருக்கிறது? மறுபடியும் போய் மிதித்துவிட்டு வருவது என்று முடிவு பண்ணிக்கொண்டு நடந்தேன்.

வட்டத்தின் குறுக்கே, ஓரத்திலிருந்து குழி வரைக்கும் ஒன்று, குழியிலிருந்து மறு ஓரத்துக்கு ஒன்று என்று, பருத்தி மூடுகிற தார்ப்பாய் இரண்டை விரித்திருந்தார். காற்று தூக்காமல் இருக்க ஓரமெல்லாம் கல். முந்தின நாளே வந்து மூடியிருக்க வேண்டும். இவர் ஒவ்வொரு கல்லாக எடுத்துவிட்டு, ஒரு பக்கத் தார்ப்பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். அடியில் என் காலடிகள் ஐந்து விரலும் மெட்டித் தடமுமாக, நேற்று நடந்த மாதிரி கிடந்தன.

என்னைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரிதான் இருந்தது.

“காத்து அழிச்சா அது சட்டத்துல சேராது” என்றார். “நீதான் அழிக்கணும்.”

தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரத்துக்கு வந்தார். குதிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு காலை மெதுவாகத் தரையில் வைத்து, அப்புறம் இன்னொரு காலையும் வைத்து இறங்கினார். மணலின் ஓரத்தில் அவருடைய கால் பதிந்துவிட்டது. இழுவைக் கட்டை வேப்ப மரத்தில்தான் சாய்ந்து நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எடுத்துக் கொடுக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் அதை எடுக்கவில்லை.